வந்து ஒன்பதாம் நாள் தும்மத் தொடங்கிய பூனை

சம்மாந்துறையில் ஒரு தோழி வீட்டிலிருந்து நான்கு மாதப் பூனைக்குட்டி ஒன்றை மட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் மட்டக்களப்புக் கல்லடிக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். முதல் வாரம் நன்றாக ஓடியாடித் திரிந்திருக்கிறது. ஒன்பதாம் நாள் தும்மல். மறுநாள் இடது கண் பாதி மூடி, மஞ்சள் பீளை. மருந்தகத்தில் ஒரு கண்துளி தந்தார்கள், அதை எத்தனை நாளைக்கு விடவேண்டும் என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியதை நிதானமாக வாசித்தால் உள்ளே வேறு கேள்விகளும் இருக்கின்றன. நோயுள்ள குட்டியைத் தெரிந்தே தந்துவிட்டார்களா? திருப்பிக் கொடுத்துவிடலாமா? வீட்டிலிருக்கும் ஐந்து வயதுப் பூனைக்கும் நான்கு வயது மகளுக்கும் தொற்றுமா? நான் கால்நடை வைத்தியராக இந்தப் பக்கத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன். பகலில் மாடும் ஆடும், மாலையில் வீட்டு வாசலுக்கு வருவது பெரும்பாலும் பூனை. அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் குட்டியை நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்து வாசியுங்கள்.

முதலில் அந்தக் கண்துளிப் போத்தலை எடுத்து, சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். டெக்சாமெதசோன், பீற்றாமெதசோன், பிரெட்னிசொலோன், ஹைட்ரோகோர்ட்டிசோன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அதில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இவை ஸ்டீரொய்ட் வகை. மனிதருக்கான கண்துளிகள் பலவற்றில் கிருமிகொல்லியோடு இவற்றையும் சேர்த்தே அடைத்திருப்பார்கள். சிவப்பு விரைவில் வடியும், பார்ப்பவருக்கு மருந்து வேலை செய்வதாகத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு. பூனையின் கருவிழியில் சின்னதாக ஒரு புண் இருந்தால், ஸ்டீரொய்ட் அது ஆறுவதைத் தடுக்கும், வைரஸைப் பெருகவும் விடும். காத்தான்குடியிலிருந்து ஒரு வெள்ளைப் பூனையைக் கொண்டுவந்தார்கள். இதே மாதிரித் துளி விட்டு, இரண்டு நாளில் சிவப்பு போய்விட்டதென்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். பிறகு கண் நீலம் பாய்ந்து மங்கியிருக்கிறது. புளோரசீன் என்ற செம்மஞ்சள் நிறத் தாள்கீற்றை உப்புநீரில் நனைத்து அந்தக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தபோது, கருவிழியின் கால்வாசி பச்சையாக ஒளிர்ந்தது. அவ்வளவும் தோல் உரிந்த புண். கண்ணைக் காப்பாற்ற முடிந்தது. வெள்ளைத் தழும்பு மட்டும் நிலைத்துவிட்டது. அந்தச் சாயச் சோதனை செய்து புண் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் பூனையின் கண்ணுக்கு யாரும் ஸ்டீரொய்ட் விடக்கூடாது. இந்த முழுப் பதிலிலும் நான் மிக உறுதியாகச் சொல்வது இதைத்தான்.

துளியில் கிருமிகொல்லி மட்டும் இருந்தால், உதாரணமாகக் குளோராம்பெனிக்கோல், அவசரமாகப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு வைத்தியர் கண்ணைப் பார்த்துச் சொன்ன பிறகு தொடர்வதே நல்லது. அந்த மருந்து விட்டபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மிக அரிதாகச் சில மனிதருக்கு அது இரத்த உற்பத்தியையே பாதிக்கும்.

இனி, ஏன் ஒன்பதாம் நாள்? உங்கள் தோழியைச் சந்தேகிக்கவேண்டாம். பூனைகளின் தும்மல் நோய்க்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு வைரஸ்கள், பூனை ஹெர்ப்பீஸ் வைரஸும் கலிசி வைரஸும். ஹெர்ப்பீஸ் ஒருமுறை உடலுக்குள் போனால் பெரும்பாலான பூனைகளில் வாழ்நாள் முழுவதும் நரம்புக் கணுக்களுக்குள் உறங்கிக் கிடக்கும். கொப்புளிப்பான் வந்து ஆறிய மனிதருக்கு எத்தனையோ வருடங்களின் பின் அக்கி வருவதில்லையா, அதுவும் இதே குடும்பத்து வைரஸ், இதே வழி. பூனைக்கு அதை எழுப்பிவிடப் பெரிய காரணம் தேவையில்லை. இடம் மாறுவது, பஸ் இரைச்சல், தாயையும் கூடப்பிறந்த குட்டிகளையும் பிரிவது, புது வீட்டில் முறைத்துப் பார்க்கும் ஒரு பெரிய பூனை, இவை போதும். அப்படிக் கலக்கம் ஏற்பட்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில் வைரஸ் வெளிவரத் தொடங்கும், அதன்பின் ஒன்றிரண்டு வாரம் வரை வெளியேறிக்கொண்டிருக்கும். உங்கள் ஒன்பதாம் நாள் இந்தக் கணக்குக்குள் சரியாக வந்து உட்காருகிறது. குட்டியைத் தந்த வீட்டில் அது துப்புரவாக, நோயின்றித்தான் இருந்திருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு, யாரும் நினைப்பதில்லை. உங்கள் பழைய பூனையே கொடுத்திருக்கலாம். கலிசி வைரஸ் உள்ள பூனை ஒன்று தும்மாமல், பீளை தள்ளாமல், கொழுகொழுவென்று இருந்துகொண்டே மாதக்கணக்கில் வைரஸை வெளியேற்றும். புதிதாகத் தொற்றினால் நோய் தெரிய ஒருசில நாட்கள் போதும். ஆகவே வந்தவன் கொண்டுவந்தானா, இருந்தவள் கொடுத்தாளா என்பதை வீட்டில் வைத்துத் தீர்க்கமுடியாது.

எந்தக் கிருமி என்பதிலும் அப்படித்தான். பாடப்புத்தகக் கணக்கு ஒன்று உண்டு. தும்மல் அதிகம், காய்ச்சல், கருவிழியில் மரக்கிளை போலப் பிரிந்து ஓடும் புண் என்றால் ஹெர்ப்பீஸ். நாக்கில் புண், எச்சில் வடிதல், சில குட்டிகளில் ஓரிரு நாள் நொண்டல் என்றால் கலிசி. தும்மல் குறைவு, ஒரு கண்ணில் தொடங்கிச் சில நாளில் மற்றக் கண்ணுக்கும் போவது, இமையின் உட்புறம் வீங்கிப் பிதுங்குவது என்றால் கிளமிடியா என்ற பற்றீரியா. மரக்கிளைப் புண்ணைக் கண்டால் ஹெர்ப்பீஸ் என்று துணிந்து சொல்லலாம். மற்றவை எல்லாம் ஊகம்தான். பல குட்டிகளில் இரண்டு மூன்று கிருமிகள் ஒன்றாகவே இருக்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்து ஹெர்ப்பீஸ் இருக்கிறது என்று வந்தாலும், நோயின்றித் திரியும் பூனைகளிலும் அது இருக்கும் என்பதால் இன்றைய நோய்க்கு அதுதான் காரணமென்று ஆகிவிடாது. உங்கள் குட்டி தும்மலும் ஒற்றைக் கண்ணுமாக இருக்கிறது. ஹெர்ப்பீஸ் பக்கம் சாய்வேன், ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி: கொடுக்காதீர்கள். இடம் மாறியதால் வந்த நோய்க்கு மறுபடியும் இடம் மாற்றுவது மருந்தாகாது. அங்கே வேறு குட்டிகள் இருந்தால் அவற்றுக்கும் சேர்த்துத் துன்பம். இந்த நோய் உள்ள நான்கு மாதக் குட்டிகளில் பெரும்பாலானவை, சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இரண்டு வாரத்தில் தேறிவிடும்.

அந்தச் சாப்பாடுதான் முழு வைத்தியத்தின் நடு. பூனை கண்ணால் சாப்பிடுவதில்லை, மூக்கால் சாப்பிடுகிறது. மூக்கு அடைத்தால் பசி இருந்தும் கோப்பையை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். சோற்றில் பிசைந்த மீனை இப்போதைக்கு விடுங்கள். இரண்டு கீரிமீனோ சூடை மீனோ எடுத்து, உப்பும் தூளும் போடாமல், வெங்காயம் கண்டிப்பாகப் போடாமல் அவியுங்கள். வெங்காயம் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். முள்ளைக் களைந்து, அவித்த நீரோடு மசித்து, கைவிரலுக்கு இளஞ்சூடாக இருக்கும்போது வையுங்கள். சூடு இருந்தால்தான் வாசம் எழும். ஆறியதும் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து மறுபடி சூடாகக் கொஞ்சம். ரின்மீன் வைப்பதானால் உப்பு நீரை வடித்து, ஒருமுறை அலசி வையுங்கள். பசுப்பால் வேண்டாம், வயிற்றால் போகும். சிரிஞ்சால் வாயில் ஊட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். மூக்கடைத்த குட்டிக்கு அது ஆபத்து, சுவாசப்பைக்குள் போகலாம். வைத்தியர் செய்துகாட்டிய பின் மட்டும் செய்யுங்கள்.

மூக்கைத் திறக்க ஆவி உதவும். குளியலறையிலோ சின்ன அறையிலோ கதவு யன்னலைச் சாத்தி, கொதித்த நீர்ப் பானை ஒன்றைக் குட்டிக்கு எட்டாத இடத்தில் வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் நீங்களும் உள்ளே இருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. பானைக்குள் எதையும் போடாதீர்கள். நமக்குப் பழக்கமான யூக்கலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், நெஞ்சில் தடவும் பாம் எல்லாம் பூனைக்கு நஞ்சு. பூச வேண்டாம், முகர வைக்கவும் வேண்டாம். ஆவி பிடித்தபின் மூக்கில் இளகிய சளியை ஈரப் பஞ்சால் துடையுங்கள். உடனே அந்த மீனை வையுங்கள், அந்தக் கொஞ்ச நேரம்தான் அதற்கு வாசம் தெரியும். குட்டி இருக்கும் அறையில் நுளம்புச்சுருளும் சாம்பிராணியும் வேண்டாம். விறகடுப்புப் புகையும் படக்கூடாது. நுளம்புக்கு ஒரு வலையைக் கட்டிவிடுங்கள்.

கண்ணைத் துடைக்க மருந்தகத்தில் கிடைக்கும் சேலைன் போதும். இல்லாவிட்டால் அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு. தினமும் புதிதாகக் கலக்குங்கள். குட்டியைத் துவாயில் தலை மட்டும் தெரியச் சுற்றி, மடியில் உங்களுக்கு முதுகு காட்டி இருத்துங்கள். நேருக்கு நேர் வந்தால் நகம்தான் பதில் சொல்லும். நனைத்த பஞ்சைக் காய்ந்த பீளையின்மேல் அரை நிமிடம் வைத்துப் பொறுங்கள், பிய்க்காதீர்கள். ஊறியதும் மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, அந்தப் பஞ்சை எறியுங்கள். மற்றக் கண்ணுக்கு வேறு பஞ்சு. கண்ணோரத்தில் செம்பழுப்பாகக் காய்ந்திருப்பது இரத்தம் இல்லை, கண்ணீரில் உள்ள நிறப்பொருள் காய்ந்தது. இந்த வேலையைச் சோம்பலால் தள்ளிப்போடக்கூடாத இன்னொரு காரணம் நமது வெயில். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பீளை நாறும் கண்ணில் இலையான் முட்டை இட்டுவிடும். ஒரு நாளில் புழு வைத்த கண்ணைத் தெருப்பூனைகளில் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலுள்ள பெரியவர்கள் தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள், நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழியச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களோடு சண்டை பிடிக்காதீர்கள், ஆனால் விடவும் வேண்டாம். புண்ணிருக்கக்கூடிய கண்ணில் கிருமி நீக்காத எதுவும் புதிய கிருமிக்குக் கதவு திறப்பதுதான். தேயிலைச் சாயமும் அப்படியே.

உடம்பு சுடுகிறதென்று பனடோல் கொடுக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. பரசிற்றமோலைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கமுடியாமல் பழுப்பாகும், பல்முரசு மண்ணிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். இந்த அளவுக் குட்டிக்கு அரைக் குளிசையே உயிரை எடுக்கும், குழந்தைகளின் பாணியும் அதே மருந்துதான். அஸ்பிரின், இபுபுரூபன் கூட வேண்டாம். இன்னொன்று, பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39.2 பாகை வரை. நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். மூக்கு காய்ந்திருக்கிறதா, காது சுடுகிறதா என்பதை வைத்துக் காய்ச்சல் கணிக்கமுடியாது.

கிருமிகொல்லி வேண்டுமா என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே பழக்கம் வேறுபடும். என் நிலை இது: குட்டி சாப்பிடுகிறது, விளையாடுகிறது, மூக்கிலிருந்து வருவது தண்ணீராக இருக்கிறது என்றால் கிருமிகொல்லி தேவையில்லை. வைரஸை அது தொடாது. பத்து நாள் வரை பொறுத்துப் பார்ப்பதே இப்போதைய சர்வதேச வழிகாட்டல்களும் சொல்வது. மஞ்சள் சளியோடு காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால், அல்லது கிளமிடியா என்று சந்தேகம் வந்தால், பெரும்பாலும் டொக்சிசைக்கிளின் எழுதுவார்கள். கிளமிடியாவுக்கு அதை ஏறக்குறைய நான்கு வாரம் கொடுக்கவேண்டும், வீட்டிலுள்ள மற்றப் பூனைக்கும் சேர்த்து. கண் தெளிந்ததும் பாதியில் விட்டால் திரும்பி வரும். அந்தக் குளிசையை வெறுமனே விழுங்க வைத்தால் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டி, அந்த இடத்தைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும். கொடுத்த உடனே ஐந்தாறு மில்லிலீற்றர் நீராவது, ஒரு வாய் உணவாவது உள்ளே போகவேண்டும். இதை மருந்துச் சிட்டையில் எழுதியிருக்க மாட்டார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளவும் யாருக்கும் தோன்றாது. இணையத்தில் புகழப்படும் லைசின் பொடிக்குக் காசு கொட்டாதீர்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பயனில்லை என்றே முடிவு கண்டிருக்கிறார்கள். ஹெர்ப்பீஸுக்கு பாம்சிக்ளோவிர் என்ற நல்ல மருந்து உண்டு, ஆனால் கடுமையான கண்ணுக்கே தேவைப்படும். பெயர் ஒத்திருக்கிறதே என்று மனிதருக்கான அசைக்ளோவிர் குளிசையைக் கொடுக்கவேண்டாம், பூனைக்கு அது நஞ்சாகும்.

உங்கள் குட்டியை நான் இன்றோ நாளையோ வைத்தியரிடம் காட்டச் சொல்வேன், தும்மலுக்காக அல்ல, மூடிய கண்ணுக்காக. பீளை தள்ளினாலும் அகலத் திறந்திருக்கும் கண் ஒன்றிரண்டு நாள் பொறுக்கும். இறுக்கி மூடிக்கொள்ளும் கண், வெளிச்சத்துக்குக் கூசும் கண், மங்கிய கண், இவையெல்லாம் வலிக்கும் கண். வலிக்கும் கண் என்றால் புண் இருக்கிறதென்று வைத்துக்கொண்டே நடக்கவேண்டும். அதுபோல, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் இரவென்றும் பாராமல் கொண்டுபோங்கள். தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு 40 மூச்சுக்கு மேல் போனாலும், இந்த வயதில் ஒரு நாள் முழுவதும் எதுவும் உண்ணாவிட்டாலும் தாமதிக்காதீர்கள். நமது பகுதியின் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் பெரும்பாலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் ஓடிக்கொண்டிருப்பவை, வைத்தியர் காலையில் வெளியே போயிருக்கக்கூடும். முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, கண்ணுக்குச் சாயச் சோதனை செய்ய முடியுமா என்று அந்தச் சொல்லையே கேளுங்கள். இல்லையென்றால் தனியார் வைத்தியர் யாரிடம் இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். சிக்கலான கண்ணென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை வைத்தியசாலைக்கு அனுப்புவதும் உண்டு, ஆனால் அந்தத் தூரப் பயணமே குட்டிக்கு ஒரு பாரம் என்பதால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம். கொண்டுபோகும்போது பெட்டியைச் சீலையால் மூடுங்கள், முடிந்தால் பஸ்ஸைத் தவிர்த்து ஓட்டோவில் போங்கள். அந்தக் கண்துளிப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பழைய பூனையை இரண்டு வாரமாவது வேறு அறையில் வைத்திருங்கள். ஒன்பது நாள் ஒன்றாகத் திரிந்தபின் பிரித்து என்ன பயன் என்று கேட்பீர்கள். தொற்றியிருந்தால் தொற்றியதுதான், ஆனால் நோயாளி அறையில் ஓய்வாக இருப்பதும், பெரியது அதை மிரட்டாமல் இருப்பதும் தனிப் பயன். தும்மல் துளி ஒரு மீற்றர் சொச்சம்தான் பறக்கும். அதைவிட அதிகம் கடத்துவது உங்கள் கையும் உடுப்பும் கோப்பையும். பெரியதற்கு முதலில் சாப்பாடு வைத்துவிட்டு, பிறகு குட்டியிடம் போங்கள். ஹெர்ப்பீஸ் வெளியில் ஒரு நாள் தாங்காது. கலிசி வாரக்கணக்கில் தாங்கும், சவர்க்காரத்துக்கும் சாகாது. கோப்பைகளையும் மண்தட்டையும் கழுவியபின், ஒரு பங்கு வெளுப்புத் திரவத்துக்கு முப்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். அந்த வாசம் போகாமல் பூனையைக் கிட்ட விடவேண்டாம்.

தடுப்பூசி போட்டால் இது வராதா என்றால், வரும், ஆனால் லேசாக வந்து போகும். ஹெர்ப்பீஸ், கலிசி, பன்லியூக்கோபீனியா என்ற கொடிய குடல் நோய் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி உண்டு. குட்டி முழுவதும் தேறியபின் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது. பெரியதற்குப் போடவில்லை என்றால் அதற்கும் சேர்த்துப் போடுங்கள். ஹெர்ப்பீஸ்தான் என்றால் இனியும் எப்போதாவது கலக்கம் வரும்போது ஓரிரு நாள் தும்மும், ஒரு கண் கலங்கும். மாரியில் ஒருமுறை, வீட்டில் கல்யாணம் என்று ஆட்கள் நிறைந்தால் ஒருமுறை. அதற்கெல்லாம் மருந்து தேடி ஓடத் தேவையில்லை, கண் திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மகளுக்கு இந்த இரண்டு வைரஸும் தொற்றாது, அவை பூனைக்கே உரியவை. கிளமிடியா மிக அரிதாக மனிதரின் கண்ணைச் சிவக்கவைக்கும், கை கழுவினால் போதும். அவள் குட்டியின் முகத்தோடு முகம் வைப்பதைக் கண் ஆறும்வரை நிறுத்திவையுங்கள். நான் அதிகம் கவலைப்படுவது கீறலுக்கும் கடிக்கும்தான். வலிக்கும் கண்ணுள்ள குட்டி நல்ல குணமுள்ளதாயினும் கடிக்கும், இலங்கையில் விசர்நோய் இன்னும் ஒழிந்துவிடவில்லை, பூனை வழியாகவும் அது வரும். துளி விடும் நேரத்தில் மகள் பக்கத்தில் இருக்கவேண்டாம். யாரையாவது கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி தேவையா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. குட்டி தேறியதும் அந்த மூன்று நோய் ஊசியோடு விசர்நோய்த் தடுப்பூசியையும் போட்டு, அட்டையை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.